வினா வழுவும் விடை வழுவும்

ஒரே பொருளைப் பற்றி ஒரே வினாவை இரு முறை வினவுகின்றோம். விடை இரண்டாக வருகின்றது. வினவப்பட்டவர் மனிதராயின், மறந்தார் என்றோ மறைத்தார் என்றோ கொண்டு அமைதி அடைவோம். வினவப்பட்டது கணினியாயின் அவ்வாறு கொள்ளுதற்கு இடமில்லை. அதற்கு மறதியும் இல்லை. மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆயின் விடை வேறுபடுவது எங்ஙனம்?

நம் கல்லூரியின் விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் பெயரேடு ஒன்றைத் தொகுக்கும் பணியிற் பங்குகொண்ட காலத்து, இவ்வினா ஓராண்டு முழுவதும் எம்மை விடாது தொடர்ந்தது. சேர்வு இடாப்புகள், விடுகைப் பத்திரங்களின் அடிக்கட்டைகள், பரிசளிப்பு விழா அறிக்கைகள், கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பழைய மாணவர் அனுப்பிய பட்டியல்கள் ஆகிய யாவும் கணினித் தரவுத்தளம் ஒன்றில் ஏற்றப்பட்டன. பெயரேட்டில் உள்ளோர் எத்துணையர் என்று செயற்குழுவினர் மூன்று கூட்டங்களிற் கேட்டனர். மூன்று கூட்டங்களிலும் மூன்று எண்கள் படிக்கப்பட்டன. புதிதாகப் பெயர் சேர்ந்தமையால் எண் கூடியிருப்பின் எவரும் வியந்திரார். மூன்றாவது எண் இரண்டாவதிலும் குறைந்திருந்தது. "இயந்திரத்தை நம்பியது போதும், பழையபடி கொப்பியில் எழுதுவோம்" என்ற மூத்தோரும் உளர்.

யாம் கணினித் தொழில் கற்றவரல்லேம், தமிழாசிரியராகவே பயிற்றப்பட்டோம். ஆயினும் இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தேடிச் சென்ற வழி, தமிழ் கற்றார்க்கு முற்றும் புதியதன்று என்பதை உணர்ந்தமையால், விழா மலரில் அதனைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

இலக்கண நூலார் வழுவினை எழுவகையாகப் பகுத்தனர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்பன அவை. வினாவில் வரும் வழுவையும் விடையில் வரும் வழுவையும் வேறு வேறாக வைத்து எண்ணியமை கருதத்தக்கது. கணினி பிழையாக விடை கூறிற்று என எம்மிடம் வந்த முறைப்பாடுகளுட் பெரும்பாலானவை, ஆராய்ந்தவிடத்து வினா வழுவாகவே முடிந்தன. சில, ஏட்டில் எழுதி வைத்தவற்றின் வழுவாயின. விடை வழு என்று சொல்லத்தக்கது ஒன்றேனும் எமக்கு அகப்பட்டிலது.

இப்பணியில் எமக்குத் துணைநின்றவர் எம்மிடம் தமிழ் கற்ற இளைஞர் ஒருவர். இன்று கொழும்பிற் கணினித் தொழில் புரிபவர். மூன்று எண்களையும் அவர்முன் வைத்து, "தம்பி, இவற்றுள் எது சரி?" என்று கேட்டோம். அவர் அதற்கு விடை கூறிற்றிலர். "ஐயா, எண்களை விட்டுவிடுங்கள். ஒரு பட்டியலில் இருந்து மற்றப் பட்டியலில் இல்லாத பெயர்கள் எவை என்று பார்ப்போம்" என்றார்.

ஏடு ஒப்புநோக்குவோர் கைக்கொள்ளும் முறையும் இதுவன்றோ! சிறுப்பிட்டி ஈன்ற சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887 இற் கலித்தொகையை அச்சேற்றுமுன், ஏட்டுப் பிரதிகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கிய உழைப்பை நாம் அறிவோம். இரண்டு ஏடுகள் வேறுபட்டவிடத்து எந்த ஏடு பொய் என்று தீர்ப்புக் கூறுவதன் முன், எந்தச் சொல்லில் வேறுபட்டன, எழுதினோன் கை அங்கே ஏன் பிறழ்ந்தது என்று காண்பார் பதிப்பாசிரியர். அது போலவே யாமும் மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். வேறுபட்ட வினாக்கள் இரண்டையும் எழுத்துக்கு எழுத்து எழுதி, கேட்ட நேரத்தையும் வந்த விடையையும் அருகே குறித்தல் ஒன்று. அவ்வேறுபாட்டை மீண்டும் ஒருமுறை வருவித்துக் காணும் வரை எதனையும் திருத்தாதிருத்தல் மற்றொன்று. திருத்தும்போது ஒரு வேளையில் ஒன்றனையே திருத்துதல் மூன்றாவது. இரண்டை ஒருங்கே மாற்றினால், நோய் தீரினும் எந்த மருந்தால் தீர்ந்தது என்பது தெரியாமற்போகும்.

இனி, தேடிக் கண்ட காரணங்களைக் கூறுவாம். அதன்முன் தரவுத்தளத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். எட்கர் கொட் என்னும் ஆங்கிலேயர் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய காலத்து, 1970 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், தரவுகளைக் கணிதத் தொடைகளாகக் கொண்டு அவற்றிடையே உள்ள தொடர்புகளால் ஆளும் முறையை வகுத்தார். அந்நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பொய்ஸ் என்னும் இருவர், அம்முறைக்கேற்ற வினவல் மொழியொன்றை 1974 இல் வெளியிட்டனர். இன்று எஸ்.கியூ.எல். எனப்படும் மொழி அதன் வளர்ச்சியே. 1986 இல் அது அமெரிக்காவில் நியமமாக ஏற்கப்பட்டது.

தொடை என்பதைப் பள்ளிக் கணிதத்திற் கற்றவர் அறிவர்: அதனுள் உறுப்பு உண்டு, வரிசை இல்லை. எம் பெயரேட்டில் வந்த முதலாவது வேறுபாடு இதனால் எழுந்தது. அச்சுக்கு அனுப்புதற்காக, பக்கத்துக்கு இருபத்தைந்து பெயராக, விடுகை ஆண்டின் வரிசையிற் கேட்கப்பட்டது. ஓராண்டில் விடுகை பெற்றோர் பலராவர். அவர்களுள் யாரை முன்வைப்பது என்று வினாவிற் சொல்லப்படவில்லை. சொல்லாத வரிசையைக் காத்தல் கணினிக்குக் கடமையன்று. முதற் பக்கத்தைக் கேட்டபோது ஒரு வரிசையும் இரண்டாம் பக்கத்தைக் கேட்டபோது வேறொரு வரிசையும் அது கொள்ளலாம். ஆதலால் ஒருவர் இரு பக்கங்களிற் றோன்ற, இன்னொருவர் எப்பக்கத்திலும் தோன்றாதொழிந்தார். ஆண்டின் பின் சேர்விலக்கத்தையும் வரிசைக்குக் காரணமாகக் கூறியவுடன் இக்குறை நீங்கிற்று. சேர்விலக்கம் இருவர்க்கு ஒன்றாவதில்லை.

இரண்டாவது காரணம் எம் தொழிலுக்கு நெருங்கியது. கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் நிற்கும் எழுத்துகள் சில தமிழில் உள. ஒருங்குறி முறையில் 'கோ' என்பதைக் ககரத்தின் பின் ஓகாரக் குறி ஒன்றை இட்டும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டு குறிகளை இட்டும் எழுதலாம். அம்முறையை வகுத்தோர் இரண்டும் ஒன்றே என விதித்துள்ளனர். எனினும், ஒரு வடிவுக்குக் கொணர்ந்து ஒப்பிடுக என்று சொல்லப்படாத கணினி அவற்றை வேறு சொற்களாகவே எண்ணும். முன்னாளிற் பாமினி எழுத்துருவில் தட்டச்சான பட்டியல்கள் செவ்வையாக மாற்றப்படாதவிடத்து இத்தகைய பெயர்கள் தோன்றின. 'கௌரி' என்று ஔகாரக் குறியிட்டு எழுதுவதும், ஒற்றைக் கொம்பும் ளகரமும் இட்டுக் 'கெளரி' என்று எழுதுவதும் நோக்குவார்க்கு ஒன்று போலவே தோன்றும். இவையோ விதியாலும் ஒன்றல்ல. யாழ்ப்பாணத்துப் பெயர்களில் மிகுந்து வரும் 'ஸ்ரீ' என்பதன் கதை இன்னும் நீண்டது. அது சகர வரிசைக் கிரந்த எழுத்துகள் இரண்டனுள் எதனைக் கொண்டும் எழுதப்படலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரு வடிவாகவே தோன்றும். 'சிறீ' என எழுதுவோரும் உளர். ஆகவே ஸ்ரீஸ்கந்தராசா ஒருவரே மூவராக எண்ணப்படுதல் கூடும். பெயரின் ஈற்றில் அறியாது விடப்பட்ட வெற்றிடத்தைச் சில மென்பொருள்கள் பொருட்படுத்தா, சில பொருட்படுத்தும். ஒரே வினா இரண்டு இடங்களில் இரு விடை தருதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, அட்டவணைகளை இணைத்தலால் வருவது. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். பத்து மாணவர் உளர் என்று வைத்துக்கொள்வோம். அவருள் ஒருவர் துடுப்பாட்டம், உதைபந்தாட்டம், விவாதம் என்னும் மூன்றிலும் ஈடுபட்டவர். எழுவர் ஒவ்வொன்றில் ஈடுபட்டவர். எஞ்சிய இருவர் எதனிலும் சேராதவர். மாணவர் அட்டவணையையும் புறச்செயல் அட்டவணையையும் இணைத்து வரிகளை எண்ணினால், முதல்வர்க்கு மூன்று வரிகளும் எழுவர்க்கு ஏழு வரிகளுமாகப் பத்து வரும். மாணவரும் பத்து, விடையும் பத்து! ஆயின் ஒருவர் மும்முறை எண்ணப்பட்டார், இருவர் எண்ணப்பட்டிலர். எண்கள் ஒத்தமை கொண்டு மனநிறைவு அடைந்திருப்பின் அவ்விருவரையும் இழந்திருப்போம். இளைஞர் எண்ணை விட்டுப் பெயரைப் பார்க்கச் சொன்னதன் பொருள் இவ்விடத்தில் எமக்கு நன்கு விளங்கிற்று.

நான்காவதைக் காலவழு எனலாம். கணினிகள் பல, நேரத்தை உலகப் பொது நேரத்திற் பதிந்து வைப்பன. இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. தை முதலாந் திகதி விடியற்காலை நான்கு மணிக்கு இங்கே பதியப்பட்ட பெயர், பொது நேரத்தில் முந்திய ஆண்டின் இறுதி நாளிரவு பத்தரை மணிக்கு உரியதாகும். இவ்வாண்டிற் சேர்ந்தோர் எத்துணையர் என்று யாழ்ப்பாணத்தவரும் இலண்டனிலுள்ளோரும் கேட்டால் விடை வேறுபடுதல் இயல்பே. நம் நாட்டு மணிக்கூடுகள் 1996 மே 25 இல் ஒரு மணி முன்தள்ளப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபர் 26 இல் அரை மணி பின்தள்ளப்பட்டு, 2006 ஏப்ரில் 15 இல் மீண்டும் பழைய நிலைக்கு வந்ததைப் பலர் மறந்திருப்பர். அக்காலத்து நேரங்களைக் கையாளுவோர் மறத்தலாகாது. அன்றியும், இங்கே எண்ணிக்கொண்டிருக்கும் வேளையில் ரொறன்ரோவில் ஒருவர் பெயர்களை ஏற்றிக்கொண்டிருப்பார். ஒருவர் செய்யும் மாற்றம் மற்றவர் வினாவில் எந்த அளவு தோன்றலாம் என்பதற்கு 1992 ஆம் ஆண்டின் எஸ்.கியூ.எல். நியமம் நான்கு படிநிலைகளை வகுத்துள்ளது. ஒப்பிடவேண்டிய வினாக்களை ஒரே நிலையில் நிறுத்திக் கேட்டாலன்றி அவற்றை ஒப்பிடுதல் பயனற்றது.

இந்நான்கினையும் தீர்த்த பின்னும் ஒரு வேறுபாடு எஞ்சி நின்றது. பெயரேட்டில் ஒவ்வொருவர்க்கும் நேரே, காலமானவரா என்னும் புலம் ஒன்று உண்டு. காலமானோரைத் தருக என்று கேட்டு ஒரு பட்டியல் பெற்றோம். காலமானோர் அல்லாதாரைத் தருக என்று கேட்டு மற்றொரு பட்டியல் பெற்றோம். இரண்டையும் கூட்டினால் மொத்தம் வந்திருத்தல் வேண்டும், வந்திலது.

காரணம் இது. அப்புலத்தில் 'ஆம்' என்று பதியப்பட்டோர் உளர். 'இல்லை' என்று பதியப்பட்டோர் உளர். ஒன்றும் பதியப்படாது வெறுமையாக விடப்பட்டோரும் உளர். மெய், பொய் என்னும் இரண்டுடன் அறியப்படாதது என்னும் மூன்றாவதொரு நிலையையும் எஸ்.கியூ.எல். கொண்டுள்ளது. வெறுமையை எதனோடு ஒப்பிடினும் விடை அறியப்படாதது என்றே வரும். வெறுமையை வெறுமையோடு ஒப்பிடினும் அவ்வாறே. வினவலோ, மெய் என்று துணியப்பட்டதனை மாத்திரமே விடையிற் சேர்க்கும். ஆதலால் வெறுமையாக விடப்பட்டோர் காலமானோருள்ளும் வரவில்லை, அல்லாதாருள்ளும் வரவில்லை. இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. விழா அழைப்புக்கு மறுமொழி தந்தோரின் சேர்விலக்கப் பட்டியலை வைத்து, இப்பட்டியலில் இல்லாதோர் யாவர் என்று கேட்டோம். அப்பட்டியலில் ஒரேயோர் இலக்கம் வெறுமையாக இருந்தமையால் விடை பூச்சியமாயிற்று. அந்த வெறுமை எவருடைய இலக்கமாகவும் இருத்தல் கூடுமாதலின், எவரைப் பற்றியும் 'இவர் இல்லை' என்று துணிந்து கூறக் கணினி மறுத்தது. சிந்தித்துப் பார்த்தால் அம்மறுப்பு நேர்மையானதே.

கொட் அவர்கள் இதனை ஆழமாகக் கருதியவர். 1979 இல் வெளியிட்ட கட்டுரையில் இம்மூன்று நிலைத் தருக்கத்தை எடுத்தாண்டார். 1990 இல் வெளிவந்த தம் நூலில் வெறுமையையே இரண்டாகப் பகுத்தார்: உரியது ஆயினும் அறியப்படாதது ஒன்று, உரியதே அல்லாதது மற்றொன்று. இன்று கல்லூரியிற் பயிலும் மாணவனுக்கு விடுகை ஆண்டு என்பது உரியதன்று. கல்லூரியை விட்டு நீங்கியும் எப்போது நீங்கினார் என்று எழுதப்படாதவர்க்கோ அஃது உரியது, நாம் அறியாதது. ஏட்டில் இரண்டும் ஒரே வெற்றிடமாகவே காணப்படும்.

வெறுமையாக விடப்பட்டோரின் பட்டியலை இளைஞர் அச்சிட்டுத் தந்தார். அவற்றுட் பல யாம் அறிந்த பெயர்கள். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது யாமும் மாணவராய் அக்கூட்டத்தில் நடந்தோம். அந்நாளிற் கல்லூரியை நீங்கியோர்க்கு விடுகைப் பத்திரம் எழுதுவார் எவரும் இருந்திலர். சிலர் அடுத்த ஆண்டு மீண்டனர். சிலர் வன்னிக்கும் சிலர் கடல் கடந்தும் சென்றனர். வெற்றிடங்களுட் பெரும்பாலானவை அவர்களுடையவை.

அப்பட்டியலில் இருந்த ஒருவர் எமக்கு வகுப்புத் தோழர். குடும்பத்தார் மீண்டனர், அவர் மீண்டிலர். இன்றுவரை யாதொரு செய்தியும் இல்லை. பெயரேடு தொகுக்கப்படுவதைக் கேள்வியுற்ற அவர் தமக்கையார் கல்லூரிக்கு வந்து எம்மைக் கண்டார். "தம்பி, அவனுடைய பெயர் இதில் வருமோ?" என்று கேட்டார். சிறிது பொறுத்து, "காலமானோர் பக்கத்தில் மாத்திரம் போட்டுவிடாதீர்கள்" என்றார். "வரும் அக்கா, அப்பக்கத்தில் வராது" என்றோம்.

அவ்வாறு சொன்ன பின்னர், செயற்குழுவில் அதற்கு வழி காணவேண்டியதாயிற்று. வெற்றிடங்கள் எல்லாவற்றிலும் 'இல்லை' என்று நிரப்பிவிட்டால் கணக்கு ஒத்துவிடும் என்றார் ஒருவர். இத்துணை ஆண்டுகள் சென்றமையால் 'ஆம்' என்று நிரப்புவதே பொருந்தும் என்றார் மற்றொருவர். இருவர் கருத்தும் ஒரு நொடியிற் கணக்கைச் சீராக்கத்தக்கவை. ஆயின், அறியாததை அறிந்தது போல் எழுதி வைத்தால், பின்வருவோர் அதனை மெய்யென்றே கொள்வர். எந்த வினாவாலும் அதனை மீட்டல் இயலாது. வெற்றிடமோ, இங்கே கேட்கவேண்டியது இன்னும் உண்டு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அறியோம் என்பதும் ஒரு விடையே என்று யாம் வற்புறுத்தினோம். குழுவினரும் இசைந்தனர். ஆதலால் பெயரேட்டில் இருந்த இரு தலைப்புகளுடன், செய்தி அறியப்படாதோர் என்னும் மூன்றாந் தலைப்பும் சேர்க்கப்பட்டது. மூன்றையும் கூட்டினால் இன்று மொத்தம் ஒத்து வருகின்றது.

கணினியைக் கையாளும் இளைஞர்க்கு யாம் கூறத்தக்கது ஒன்றே. இரண்டு விடைகள் வேறுபடின், எது பெரிது எது சிறிது என்று வாதாடற்க; ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதோர் யாவர் என்று கேட்க. ஒரு திரளைப் பகுத்து எண்ணும்போதெல்லாம், பகுதிகளைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடுக. குறை இருப்பின் அஃது ஓர் எண் அன்று, ஒருவர் பெயர்.

பெயரேட்டைக் கையிற் பெறும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உம் வகுப்பினர் பெயர்களைத் தேடும்போது, மூன்றாந் தலைப்பின் கீழ் உள்ள பக்கங்களையும் தவறாது படியுங்கள். அங்கே உள்ள ஒருவரைப் பற்றி ஒரு சொல் அறிந்தவரும் அதனைச் சங்கச் செயலாளருக்கு எழுதி அறிவியுங்கள். அப்பக்கங்கள் ஆண்டுதோறும் குறைந்து வருதல் வேண்டும் என்பதே எம் அவா. அதுவரை அப்பெயர்கள், அவர்தம் சேர்விலக்கத்துடன், அங்கே இருக்கும்.